அளவு ஜாக்கெட்

போன வாரம் அமலராணியை நீங்கள் என்ன திட்டியிருந்தாலும் தகும். தையல்காரியாய் இருந்துகொண்டு பெற்ற மகளின் அளவிலேயே பொய் சொன்னவள் அவள்.

போன வாரம் படிக்க விட்டுப்போனவர்களுக்காக ஒரு வார்த்தை. திண்டுக்கல் மரியநாதபுரத்தில், வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு, இருபது வருடமாக ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைக்கிறவள் அமலராணி. புருஷன் அருளப்பன் வெங்காய மண்டியில் எடை போடுகிறவர். ஒரே மகள் அறிவுச்செல்வி, வீட்டில் செல்வி. பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்து டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.

கார்த்திகையில் பெண் பார்க்க வந்தார் ஆத்தூர் மிக்கேலம்மாள், மாப்பிள்ளை ஆல்வினின் அம்மா. காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, "பொண்ணு நல்லாத்தான் இருக்கா. செத்த பூரிப்பா இருக்கா, அம்புட்டுத்தான். எங்க ஆல்வின் பக்கத்துல நின்னா அக்கா மாதிரி தெரிஞ்சிரக் கூடாதுல்ல?" என்று சிரித்தபடி சொல்லிவிட்டுப் போனார்.

சிரித்தபடி சொன்னதுதான் வினை. திட்டிச் சொல்லியிருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பாள் அமலராணி. கோயிலில் உடுத்தும் பட்டுக்கு மாப்பிள்ளை வீட்டார்தான் ஜாக்கெட் தைப்பார்கள். அதற்கு அளவு ஜாக்கெட் ஒன்று கேட்டு அனுப்பினார்கள். செல்விக்கு அப்போது மார்பளவு முப்பத்தாறு. அமலராணி யாருக்கும் தெரியாமல் இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்து முப்பத்துநாலாக்கி அனுப்பிவிட்டாள். மகளிடம் மட்டும் சொன்னாள்.

"கல்யாணத்துக்கு இன்னும் மாசம் கிடக்குல்ல? அதுக்குள்ள இளைச்சிருவடி."

செல்வி இளைத்தாள். சொன்ன சொல்லைத் தட்டாத பிள்ளை அவள்.

இன்றைக்குக் குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின வெள்ளிக்கிழமை. நாளை மறுநாள் கோயிலில் முதல் ஓலை. இன்னார் மகளுக்கும் இன்னார் மகனுக்கும் கல்யாணம், ஆட்சேபம் உள்ளவர்கள் சொல்லலாம் என்று சாமியார் மூன்று ஞாயிறு வாசித்த பிறகுதான் தாலி. ஈஸ்டர் முடிந்து பத்தாம் நாள் கல்யாணம்.

பங்குனி வெயில் காலை ஒன்பது மணிக்கே ஓட்டுக்குள் இறங்கிவிட்டது. செல்வி போர்வையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"செல்வி, ரெண்டு இட்லி தின்னுடி."

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைம்மா. ஒருசந்தி."

"நேத்து வியாழக்கிழமை. நேத்தும் அதத்தான சொன்ன?"

"நாப்பது நாளும் ஒருசந்தி இருக்கேன்னு நேந்திருக்கேன்ல. சும்மா சும்மா கேக்காத."

தெருவே மெச்சிய நோன்பு அது. சிலுவைப்பாதையில் பதினான்கு ஸ்தலத்துக்கும் முழங்காலில் நிற்கிற பெண் என்று கோயிலில் நல்ல பெயர். பட்டினியைப் பக்தி என்று எடுத்துக்கொண்டால் யார்தான் கேள்வி கேட்பார்கள்? அமலராணியும் பெருமைப்பட்டுக்கொண்டுதான் இருந்தாள். ஒன்று மட்டும் சில நாளாக அவளை உறுத்தியது. தவக்காலம் பிறந்தது மாசிக் கடைசியில். மகள் சோற்றைத் தள்ள ஆரம்பித்தது மார்கழியில்.

செல்வி குளிக்கப் போனாள். சாயங்காலச் சிலுவைப்பாதைக்கு எடுத்து வைக்கலாம் என்று அமலராணி மகளின் செபப்புத்தகத்தை அலமாரியிலிருந்து இழுத்தாள். உள்ளேயிருந்து சில அட்டைத் துண்டுகள் காலடியில் விழுந்தன.

பஸ் ஸ்டாண்டில் காசு போட்டால் வருகிற எடைச் சீட்டுகள். ஒவ்வொன்றிலும் பென்சிலால் தேதி போட்டிருந்தது. அமலராணி தரையில் உட்கார்ந்து வரிசையாய் அடுக்கினாள். ஐம்பத்தெட்டு. ஐம்பத்தைந்து. ஐம்பத்தொன்று. நாற்பத்தேழு. நாற்பத்துநாலு. கடைசிச் சீட்டு போன வாரத்தது. நாற்பத்தொன்று.

சீட்டைத் திருப்பினாள். பின்பக்கம் அச்சடித்த சோசியம்: 'உங்கள் விடாமுயற்சி பலன் தரும்.'

புத்தகத்துக்குள் மடித்த காகிதம் ஒன்றும் இருந்தது. ஏதோ வாரப் பத்திரிகையில் கத்தரித்தது. 'பதினைந்தே நாளில் கொடியிடை! காலையில் எலுமிச்சைச் சாறு, மதியம் வேகவைத்த காய், இரவு ஒன்றுமில்லை.' இதைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. நீங்கள் படித்துக்கொண்டிருக்கிற இதைப் போன்ற பத்திரிகைதான், தொடர்கதைக்கு அடுத்த பக்கம்.

ஓர் ஆறுதல் மட்டும் அவளுக்கு மிச்சமிருந்தது. தைத்து முடித்த ஜாக்கெட்டோடு இன்று மத்தியானம் மிக்கேலம்மாள் வருகிறார். எந்தத் தையல்காரரும் பக்கத் தையலுக்கு உள்ளே ஓர் இஞ்சு துணியாவது விடுவார். நாளைக்கு உடம்பு போட்டால் பிரித்து விட்டுக்கொள்ள. அதைப் பிரித்து, எடுத்த இரண்டு இஞ்சையும் திருப்பிக் கொடுத்துவிட வேண்டியதுதான். 'ஜாக்கெட் உனக்குத் தோதா ஆயிருச்சுடி, இனி சாப்பிடு' என்று சொல்லிவிட வேண்டியதுதான். அரை மணி நேர வேலை, யாருக்கும் தெரியப்போவதில்லை. அப்படித்தான் நினைத்தாள் பாவம்.

சீட்டுகளை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தபோது வாசலில் சைதூன் நின்றாள். பக்கத்துத் தெருக்காரி, பிரசவ ஆஸ்பத்திரி ஒன்றில் ஆயா. தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டை வாங்க வந்தவள், குளித்துவிட்டு வந்த செல்வி தலை துவட்டுவதையே பார்த்தாள். துண்டோடு கொத்தாக வந்தது முடி. செல்வி அதைச் சுருட்டி முந்தானையில் ஒளித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"அமலி, ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"கேளுங்கக்கா."

சைதூன் குரலைத் தாழ்த்தினாள். "புள்ள மாசாமாசம் குளிக்குதா?"

சைதூனின் ஜாக்கெட்டில் நூல் பிசிறை நறுக்கிக்கொண்டிருந்த அமலராணியின் கத்தரிக்கோல் நின்றது. கொல்லைக் கொடியை நினைத்துப் பார்த்தாள். பொங்கலுக்கு முன் ஒரு தடவை மகள் துணி காயப்போட்டாள். அதற்கப்புறம்? தையில் இல்லை. மாசியில் இல்லை. பங்குனியில் இல்லை. அவள் கவனிக்கவே இல்லை. ஊரார் அளவெல்லாம் மனப்பாடமாய் வைத்திருக்கிறவளுக்கு இது தெரியாமல் போயிற்று.

"மூணு மாசமா இல்லக்கா," என்றாள்.

"தப்பா நெனைக்கல அமலி. உன் புள்ளைய எனக்குத் தெரியாதா? போன மாசம் எங்க டாக்டரம்மாகிட்ட ஒரு புள்ளையக் கொண்டாந்தாக. இப்படித்தான். இளைக்கணும்னு தின்னாமக் கிடந்து, முடி கொட்டி, மாசக் குளியல் நின்னு..."

"அப்பறம்? அதுக்கு என்னக்கா ஆச்சு?"

சைதூன் ஜாக்கெட்டைப் பைக்குள் வைத்துப் பையை மூடினாள்.

"நாலு மணிக்கு டாக்டரம்மா வருவாக. கூட்டிட்டு வா. நாளைக்குன்னு தள்ளாத, இன்னைக்கே வா."

பன்னிரண்டு மணிக்குக் குதிரை வண்டி வாசலில் நின்றது. மிக்கேலம்மாள் இறங்கினார். அறுபது வயதிலும் கம்பு மாதிரி நிமிர்ந்த உடம்பு. மணிக்கட்டில் கடிகாரம், கையில் காகிதப் பொட்டலம்.

"வாங்க சம்பந்தி. காப்பி போடட்டுமா?"

"சீனி இல்லாம அரை டம்ளர் போதும். மொதல்ல இதப் பாருங்க. மதுரையில குடுத்துத் தச்சது."

சந்தன நிறத்தில் ஜரிகைக் கையோடு ஜாக்கெட் மின்னியது. அமலராணி அதன் அழகைப் பார்க்கவில்லை. பழக்கத்தில் உள்பக்கத்தைத் திருப்பினாள். பக்கத் தையலில் விரலை ஓட்டினாள். மறுபக்கம் ஓட்டினாள். துணியே இல்லை. தையலை ஒட்டி நறுக்கியிருந்தது.

"என்ன சம்பந்தி, உள்ள துணி விடலையே?"

"நான்தான் விட வேணாம்னு சொன்னேன். உள்ள துணி கிடந்தா போட்டோவுல தடிமனாத் தெரியும். அதுவுமில்லாம, பிரிச்சுக்கலாம்னு ஒரு வழி இருந்தா உடம்பு தானா ஏறிரும். வழியே இல்லைன்னா ஏறாது பாருங்க."

மிக்கேலம்மாள் அதை நல்ல மனசோடுதான் சொன்னார். காலையிலிருந்து அமலராணி பிடித்துக்கொண்டிருந்த ஒரே நம்பிக்கை போய்விட்டது.

"போட்டுப் பாக்கச் சொல்லுங்க," என்றார் சம்பந்தியம்மாள்.

உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு மகளுக்கு ஜாக்கெட்டை மாட்டிவிட்டாள் அமலராணி. செல்வி திரும்பி நின்றாள். பின்கழுத்துக்குக் கீழே முதுகெலும்பின் கணுக்களை எண்ணிவிடலாம் போலிருந்தது. கையிலும் முதுகிலும் மெல்லிய பூனைமுடி படர்ந்திருந்தது. பிறந்த பிள்ளைக்கு இருக்குமே, அந்த முடி. முன்பு அது இல்லை. அமலராணி கொக்கிகளை மாட்டினாள். இறுக்கிப் பிடிக்கும் என்று பயந்த ஜாக்கெட் தொளதொளத்தது. பக்கத்தில் இரண்டு விரல் தாராளமாய்ப் போயிற்று.

செல்வி கண்ணாடியில் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்துத்தான் தாய் நடுங்கினாள்.

"லூசா இருக்கும்மா!"

"அதான் இளைச்சாச்சேடி. இனிச் சாப்பிடலாம்ல? ஒரு வாய் கஞ்சி?"

"கல்யாணத்துக்கு இன்னும் பத்தொம்பது நாள் இருக்கே. அதுக்குள்ள ஏறிருச்சுன்னா?"

"ஏறுனா ஏறட்டும்டி. எல்லாம் என்னால வந்தது. நான்தான் புத்தி கெட்டுப்போய்..."

"நீதானம்மா ரெண்டு இஞ்சு எடுத்த? நீ சொன்னதுக்கு மேலயே எடுத்துட்டேன் பாரு," என்றாள் செல்வி. அவள் குத்திக்காட்டவில்லை. பரீட்சையில் நல்ல மார்க் வாங்கி வந்த பிள்ளையின் குரல் அது. அமலராணியால் அதைத் தாங்க முடியவில்லை.

முன்னறைக்கு வந்ததும் மிக்கேலம்மாளின் முகம் மலர்ந்தது.

"பாத்தீங்களா சம்பந்தி! நெனச்சா முடியாதது உண்டா? கையில மட்டும் செத்த லூசு. பிடிச்சிரலாம். நானும் கல்யாணமாகி வந்தப்ப பூரிப்பாத்தான் இருந்தேன். எங்க மாமியா பக்கத்துல உக்காந்து கரண்டி எண்ணித்தான் சோறு போடுவாக. அப்பப் பழகுனது, இன்னைக்கும் மூணு கரண்டிக்கு மேல எறங்காது. பசின்னா என்னன்னே மறந்துபோச்சு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கூடச் சிரிக்க அங்கே யாருமில்லை.

"அது கிடக்கட்டும். தேதி குறிச்சாச்சு. அன்னைக்குப் பாத்துத் தொந்தரவு வந்துரக் கூடாதுல்ல? போன மாசம் பொண்ணு என்னைக்குக் குளிச்சா?"

எல்லாச் சம்பந்தியும் கேட்கிற கேள்விதான். செல்வி தாயைப் பார்த்தாள். தாய் மிஷினைப் பார்த்தாள். பதில் வரத் தாமதமானது. அந்தத் தாமதத்தில் மிக்கேலம்மாளின் கண் மெதுவாக இறங்கி, செல்வியின் முந்தானை மறைத்த வயிற்றில் போய் நின்றது.

அந்தப் பார்வையின் பொருள் தெரியாத தாய் உண்டா? ஏதாவது ஒரு தேதியைச் சொல்லிவிடலாம். பதினெட்டு என்றோ இருபது என்றோ சொன்னால் போதும். சந்தேகம் தீரும், ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள், மகள் இன்னும் பத்தொன்பது நாள் பட்டினி கிடப்பாள். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பையை மூடிய சைதூனின் முகம் நினைவுக்கு வந்தது. ஒரு பொய் சொல்லி இந்தக் கதிக்குக் கொண்டுவந்தாயிற்று. இன்னொன்று சொல்ல அவளுக்குத் துணிவில்லை.

"மூணு மாசமாக் குளிக்கல சம்பந்தி," என்றாள். "நீங்க நெனைக்கிற மாதிரி இல்ல. பட்டினி. வெறும் பட்டினி. நான் அனுப்புன அளவு ஜாக்கெட் இவ அளவே இல்ல. ரெண்டு இஞ்சு பிடிச்சுத் தச்சு நான்தான் அனுப்புனேன். உங்களுக்குப் புடிக்கணும்னு அனுப்புனேன். அந்த ஜாக்கெட்டுக்காக என் புள்ள செத்துக்கிட்டு இருக்கா."

இடுப்பிலிருந்த சீட்டுகளை எடுத்து மிஷின் மேல் பரப்பினாள்.

"அம்மா!" செல்வி அலறினாள். "அது என்னோடது! குடும்மா!"

தாவி எடுக்க வந்தவள் பாதியில் நின்றாள். மிஷினைப் பிடிக்கக் கை நீட்டினாள். கை எட்டவில்லை. அப்படியே மடிந்து தரையில் விழுந்தாள். சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை.

சாப்பாட்டுக்கு மண்டியிலிருந்து வந்த அருளப்பன் செருப்பைக் கழற்றாமல் ஓடிவந்தார். குனிந்து மகளை இரண்டு கையிலும் வாரித் தூக்கினார். தூக்கியவர் அசையாமல் நின்றுவிட்டார்.

இருபத்தைந்து வருடமாக மூட்டை தூக்கி எடை போடுகிற மனிதர். தராசில் முள் நிற்பதற்கு முன்பே இத்தனை கிலோ என்று சொல்லிவிடுவார். அரைக் கிலோ தப்பாது. மண்டியில் அதற்காகவே அவருக்கு ஒரு மரியாதை உண்டு.

"அமலி," என்றார். குரல் உடைந்தது. "நாப்பதுகூட இல்லடி."

கட்டிலில் கிடத்தினார். மகளின் காலைப் பிடித்துக்கொண்டு, "தெனம் பாத்துக்கிட்டுதானடி இருந்தேன். என் கண்ணுல ஏன்டி படல?" என்று குலுங்கிக் குலுங்கி அழுதார். அமலராணி தண்ணீர் தெளித்தாள். மாதாவே, மாதாவே என்பதைத் தவிர அவள் வாயில் வேறொன்றும் வரவில்லை. எத்தனை நேரமோ, செல்வியின் இமை லேசாக அசைந்தது.

மிக்கேலம்மாள் நின்ற இடத்திலேயே நின்றார். பிறகு குனிந்து, கீழே விழுந்து கிடந்த சீட்டு ஒன்றை எடுத்தார். நாற்பத்தொன்று. பின்பக்கத்தையும் படித்தார். கைப்பையைத் திறந்து அதை உள்ளே வைத்துக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமைதான மொத ஓலை?"

"ஆமா சம்பந்தி."

"நான் சாமியாரப் பாத்துட்டுப் போறேன்."

"அவர்ட்ட என்ன சொல்லப்போறீங்க சம்பந்தி?"

மிக்கேலம்மாள் கட்டிலைத் திரும்பிப் பார்த்தார். கோபமா, இரக்கமா, முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. படியிறங்கினார்.

அருளப்பன் ஆஸ்பத்திரிக்கு வண்டி பிடிக்க ஓடினார். தெருமுனைக்குப் போனவர் அங்கிருந்தே கத்தினார். "அமலி, அந்தம்மா வண்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் போகல. கோயில் பக்கம் திரும்புது!"

திரும்பட்டும். அமலராணி அடுப்படிக்குப் போய்க் கஞ்சியைக் கரைத்தாள். உப்புப் போட்டாள். கல்யாணம் நின்றால் ஊர் என்ன பேசும் என்று நேற்றுவரை பயந்தவள், இப்போது அதை நினைக்கவே இல்லை. இந்தக் கிண்ணம் காலியானால் போதும்.

மகளின் தலையைத் தூக்கி மடியில் வைத்தாள். கரண்டியை வாயருகே கொண்டுபோனாள். செல்வியின் உதடுகள் இறுக மூடிக்கொண்டன. கண்ணோரத்தில் நீர் கோத்தது. வீம்பு பிடிக்கிற முகம் இல்லை அது. திறக்க நினைக்கிறாள், முடியவில்லை.

"ஒரு வாய்டி. அம்மாவுக்காக."

"பயமா இருக்கும்மா."

"எதுக்குடி பயம்? ஓலை நின்னுரும்னா? ஆஸ்பத்திரிக்கா? அம்மா கூடத்தான வாரேன்."

செல்வி இல்லையென்று தலையசைத்தாள். அவள் பார்வை கரண்டியை விட்டு நகரவில்லை.

"கஞ்சியப் பாத்தாத்தாம்மா பயமா இருக்கு," என்றாள்.